விழுந்த பல்லை இரண்டு மணி நேரம் கழித்து வைத்தால் நிற்குமா?

கேள்வி: மஞ்சூரில் இருக்கிறோம். பையனுக்கு 12 வயது. விளையாடும்போது மேல் முன்பல் வேரோடு விழுந்துவிட்டது. ஊட்டி போய்ச் சேர்வதற்குள் இரண்டு மணி நேரம் ஆகிவிடும், இனி வைத்துப் பயனில்லை என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மையில்லை. பல்லை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள், மீதியை வண்டியில் படிக்கலாம்.

விழுந்த பல்லை 60 நிமிடத்துக்குள் வைக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வது பல் காய்ந்து கிடந்த நேரத்தை. பயண நேரத்தை அல்ல. வேரைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வின் செல்கள் காற்றில் அரை மணியிலேயே பெரும்பாலும் செத்துவிடும். ஐந்து நிமிடத்தில் பாலில் போட்ட பல் ஊட்டிக்கு இரண்டு மணியில் வந்தாலும் அது காய்ந்த பல் கணக்கில் வராது. டீக்கடையில் கேட்டால் குளிர்ந்த பாக்கெட் பால் தருவார்கள். சர்க்கரை கலந்தது, மோர், தயிர் வேண்டாம். வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியைப் பிடியுங்கள். மண்ணை அதே பாலில் அலசுங்கள். டெட்டால், உப்பு, பிரஷ் எதுவும் கூடாது. கைக்குட்டையில் சுற்றிப் பையில் போடுவதுதான் பல்லைக் கொல்வது. பையன் ஒத்துழைத்தால் அங்கேயே குழியில் பொருத்தி, துணியைக் கடித்தபடி வரச் சொல்லுங்கள். அதைவிட நல்லது எதுவுமில்லை. (தம்பி தங்கைக்கு விழுந்தது பால்பல் என்றால் திரும்ப வைக்கவே கூடாது. அடியில் வளரும் பல் கெடும்.)

சரி, இரண்டு மணி நேரம் காய்ந்தே கிடந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வைக்கலாம். 'செத்த வேரை எதற்கு வைப்பது' என்று கேட்டுக்கொண்டு ஒருவர் வருவார், தெரியும். ஆயுளுக்கும் நிற்கும் என்று நான் சொல்லவில்லை. சவ்வு செத்தால் எலும்பு நேராக வேரோடு ஒட்டி, வேரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். ஆனால் 12 வயதில் இம்பிளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைக்க முடியாது, தாடை வளர்ந்து முடிய வேண்டும். அதுவரை குழி காலியாக இருந்தால் எலும்பு சூம்பிவிடும். இந்தப் பல் அந்த எலும்பைக் காத்து நிற்கும், அதற்காகத்தான் வைப்பது.

டாக்டர் 0.4 மி.மீ.க்கு மேல் போகாத மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு இரண்டு வாரம் கட்டுவார். தூண்டில் நைலான் நூலாலும் கட்டுவதுண்டு. கட்டு கொஞ்சம் அசைந்து கொடுக்க வேண்டும், 'நல்லா டைட்டா கட்டுங்க டாக்டர்' என்று கெஞ்சாதீர்கள். குழி எலும்பும் உடைந்திருந்தால் நாலு வாரம். 12 வயதில் முன்பல்லின் வேர்நுனி மூடியிருக்கும், ஆகவே ரூட் கெனால் (வேருக்குள் இருக்கும் நரம்பை எடுத்துச் சுத்தம் செய்வது) கட்டாயம், அதுவும் இரண்டு வாரத்துக்குள். கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தை ஒரு மாதம் வரை வைத்துப் பிறகு அடைப்பார்கள்.

பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான். வலி இல்லை, பல் ஆடவில்லை, மலை இறங்கி ஏற ஒருநாள் கூலி போகும் என்று வராமல் விட்டுவிடுகிறார்கள். சிகிச்சை செய்யாத வேருக்குள் சீழ் பிடித்தால் சில மாதங்களிலேயே வேர் கரைந்துவிடும். துளிகூட ஆடாத பல்லும் நல்ல சேதி அல்ல. தட்டினால் உலோகம் மாதிரி கணீரென்று கேட்டால் எலும்போடு ஒட்டிவிட்டது என்று அர்த்தம். வளரும் பையனுக்கு அது பக்கத்துப் பற்களோடு சேர்ந்து கீழே இறங்காமல் மேலேயே தங்கிக் குட்டையாகத் தெரியும். ஒரு மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் தலைப்பகுதியை மட்டும் வெட்டி, வேரை ஈறுக்குள் விட்டுவிடுவார்கள். அது எலும்பாக மாறட்டும் என்று. இதைக் கண்டுபிடிக்க 3 மாதம், 6 மாதம், 1 வருடம், அதன்பின் குறைந்தது 5 வருடம் வரை வருடாவருடம் எக்ஸ்ரே வேண்டும்.

  

டெட்டனஸ் ஊசியை மறக்காதீர்கள். குதிரை மேயும் மைதானத்தில் விழுந்த பல் என்றால் கட்டாயம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.