பரம்பரையாக வந்த, கையால் ஊதிய கண்ணாடி மண்ணெண்ணெய் விளக்கை வீட்டில் ஏற்றலாமா, இல்லை அலமாரியில் வைத்துப் பார்ப்பதோடு சரியா?

ஏற்றலாம். ஆனால் கழுத்தைப் பிடித்துத் தூக்காதீர்கள்.

யாரோ பரணிலிருந்து எடுத்துக் கொடுத்திருப்பார்கள், துடைத்ததும் ஒருமுறை ஏற்றிப் பார்க்கக் கை பரபரக்கிறது, அப்படித்தானே? எனக்கும் பரபரத்தது.

என்னுடையது பாட்டியின் விளக்கு. கையால் ஊதியதுதான்: அடியில், செய்யும்போது கண்ணாடியைப் பிடித்திருந்த இரும்புக் கம்பியிலிருந்து முறித்தெடுத்த வடு சொரசொரவென்று இருந்தது, எண்ணெய்த் தொட்டியில் எங்கும் அச்சுக் கோடு இல்லை, உள்ளே பொடிப்பொடியாகக் குமிழிகள். (குமிழி இருந்தாலே பழசு என்று விற்பவர்கள் சொன்னால் நம்பாதீர்கள். புதிதிலும் வேண்டுமென்றே குமிழி விடுகிறார்கள்.) புதுத் திரி போட்டேன். சிம்னியைக் கழுவி ஈரம் போகக் காயவைத்தேன். முதலில் திரியைத் தாழ்த்தி எரியவிட்டு, கண்ணாடி சூடான பிறகே மெல்ல ஏற்றினேன். எதிலும் குறை வைக்கவில்லை. அணைத்து, ஆறவிட்டு, எடுத்து வைக்கலாம் என்று பித்தளைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினேன்.

கழுத்து கையோடு வந்தது. விளக்கு வரவில்லை.

ஒரு சாண் உயரம்தான். தொட்டியில் நீள விரிசல், மேசை முழுக்க மண்ணெண்ணெய். நல்லவேளை, அணைத்திருந்தேன்.

இந்த விளக்குகளில் கழுத்தாக இருக்கும் பித்தளை வளையத்தைக் கண்ணாடியோடு பெரும்பாலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்துத்தான் ஒட்டியிருப்பார்கள். வருஷக்கணக்கில் எண்ணெய் பட்டு அது உதிர்ந்துவிடும். அதனால் எண்ணெய் ஊற்றும் முன் தொட்டியை ஒரு கையால் அணைத்துப் பிடித்து, மறு கையால் வளையத்தை லேசாகத் திருகிப் பாருங்கள். ஆடினால் பழையதைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வைத்து ஒட்டுங்கள். ஏற்றி முடித்ததும் மிச்ச எண்ணெயை வடித்துவிடுங்கள். அணைந்த திரியும் எண்ணெயை மேலே இழுத்து வெளியே கசியவிடும்.

"சமையல் எண்ணெய் ஊற்றலாமே, வாடை வராதே" என்று ஒருவர் கட்டாயம் வருவார். அது கெட்டி ஐயா, இவ்வளவு நீளத் திரியில் ஏறாது. திருகி ஏற்றும் தட்டைத் திரி விளக்குகள் 1850களில் மண்ணெண்ணெய் வந்த பிறகு பரவியவை. பெட்ரோல் பக்கமே போகாதீர்கள். தீ விபத்து என்று பாடம் எடுக்க வருபவர்களுக்கு: குழந்தையோ பூனையோ ஓடும் வீட்டில் ஏற்றச் சொல்லி நானும் சொல்லவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்து, அதே அறையில் உட்கார்ந்திருந்தேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. பாட்டி சாமான்களைப் பிரித்தபோது "இந்த அழுக்கை யார் தூக்கிட்டுப் போறது" என்று விளக்கை என் பக்கம் தள்ளியவர் என் சித்தி. பதினோரு வருஷம் பரணில் கிடந்தது, ஒரு வார்த்தை கேட்டதில்லை. விரிசல் விட்ட மறுநாளிலிருந்து "எங்கம்மா ஞாபகத்தை உடைச்சிட்டான்" என்று உறவு முழுக்கப் போன் போட்டுச் சொல்கிறார். அதே பரணில் இருந்த நான்கு வெள்ளி டம்ளர்களைப் பற்றி நான் இதுவரை வாயைத் திறக்கவில்லை.