ஸ்டீலா, கிராஃபைட்டா? கோல்ஃப் கேள்வி–பதில்

கேள்வி: ஐயா, நான் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். வயது 61. தோட்டத்து ஒன்பது குழி மைதானத்தில் ஆடுகிறேன். கொஞ்ச நாளாக வலது முழங்கையில் வலி. மகன் கிராஃபைட் (கார்பன் நார்) ஷாஃப்ட், அதாவது தண்டு, போட்ட அயர்ன் செட் (நடுத்தர தூரத்துக்கான மட்டைகள்) வாங்கித் தருகிறேன் என்கிறான். கூட ஆடுகிறவர்கள் 'அது பொம்பளை மட்டை' என்று கேலி பண்ணுகிறார்கள். ஒரு நண்பர் தன் பழைய ஸ்டீல் செட்டை மலிவாகத் தருகிறாராம். எதை எடுப்பது?
– வாசகர், பகாவ்

பதில்: மகன் பேச்சைக் கேளுங்கள். கேலி பண்ணுகிறவர்களின் பையில் டிரைவரை (தூரம் அடிக்கும் பெரிய மட்டையை) உருவிப் பாருங்கள், அதில் இருப்பது கிராஃபைட்தான். டைகர் வூட்ஸ் 2000-இல் அமெரிக்க ஓபனை 15 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றபோது அவர் டிரைவரில் ஸ்டீல் ஷாஃப்ட் இருந்தது. பிறகு அவரே மாறிவிட்டார். நம் ஆட்களுக்கு அயர்னில்தான் வீம்பு.

நீங்கள் பார்க்க வேண்டியது எடை. வழக்கமான கனத்த ஸ்டீல் ஷாஃப்ட் 120, 130 கிராம் வரும். அயர்னுக்கான கிராஃபைட் பெரும்பாலும் 60 முதல் 80 கிராமுக்குள். அதோடு, பந்தை அடிக்கும்போது வரும் அதிர்வை ஸ்டீல் அப்படியே கைக்கு அனுப்பும், கிராஃபைட் பாதியில் அடக்கிவிடும். வெயில் காலத்தில் நம் தோட்டத்துச் செம்மண் எப்படி இறுகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதில் ஏழாம் நம்பர் அயர்ன் இறங்கினால் முழங்கைதான் வாங்கும். ஆனால் மட்டையை மாற்றினால் வலி போய்விடும் என்று சொல்லமாட்டேன். அதற்கு டாக்டரைப் பாருங்கள்.

ஸ்டீலுக்கும் நியாயம் உண்டு. விலை குறைவு, பந்து போகும் திசை சீராக இருக்கும். வேகமாக வீசும் இளவட்டங்களுக்கு அந்தக் கனம் உதவி. மனம் கேட்கவில்லை என்றால் 95 கிராம் வாக்கில் லேசான ஸ்டீலும் கிடைக்கிறது. குட்டை ஷாட்டுக்கான வெட்ஜ் இரண்டையும் ஸ்டீலிலேயே வைத்துக்கொள்ளலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

நண்பரின் செட்டை எடுப்பதாகவே இருந்தால், மட்டையைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே சரசரவென்று கேட்டால் துரு உதிர்கிறது என்று சந்தேகப்படலாம். கைப்பிடி ரப்பர் வழியாக மழைத் தண்ணீர் இறங்கி, ஷாஃப்ட் உள்ளிருந்தே அரித்திருக்கும். மேலே பளபளப்பு குறைந்திருக்காது. பழுதுக்கு என்னிடம் வருவதில் இந்த ரகம் நிறைய. மகன் பழைய கிராஃபைட் செட்டைக் கொண்டுவந்தால் பஞ்சை எடுத்து ஷாஃப்ட் நெடுகத் தேய்த்துப் பாருங்கள். எங்காவது பஞ்சு மாட்டினால் அங்கே நார் பிளந்திருக்கிறது. தலைக்குச் சற்று மேலே மாட்டினால் தொடவே வேண்டாம். ஸ்டீல் வளையும், கிராஃபைட் சட்டென்று முறியும். செம்பனை வேர்ப் பக்கம் விழுந்த பந்தை வீரம் காட்டி அடிக்காதீர்கள்.

அப்புறம், விறைப்பு. உங்கள் வயதுக்கு 'ஆர்' எழுத்து (ரெகுலர், நடுத்தர விறைப்பு) போட்ட ஷாஃப்ட் போதும். அது விறைப்பாகத் தோன்றினால் அதைவிட இளக்கமான 'ஏ'. வாங்குமுன் ஏழாம் நம்பர் ஒன்றை இரவல் வாங்கி அடித்துப் பாருங்கள்.

கேள்வி: கோல்ஃப் பையை எப்போதும் காடி பூட்டிலேயே வைத்திருக்கிறேன். கெடுமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: கெடும். பூட்டில் ஏறும் சூட்டில் தலையையும் ஷாஃப்டையும் ஒட்டியிருக்கும் பசை நாளடைவில் இளகும். அப்புறம் ஒருநாள் பந்தைவிடத் தலை தூரம் போகும். வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள், நனைந்திருந்தால் துடைத்துவிட்டு.