நிக்கலாயா, மிகோலாவா?

கே: சென்ற இதழ் நடுப்பக்கத்தில் நிக்கலாய் பிமோனென்கோவின் ‘பண்டிகைக்கால ஆரூடம்’ படத்தைப் போட்டு, ‘உக்ரைனிய ஓவியம்’ என்று எழுதியிருந்தீர்கள். வரைந்தவர் ருஷ்யப் பேரரசின் குடிமகன். படித்தது பீட்டர்ஸ்பர்க்கில். ஓவியம் இருப்பதும் அங்குள்ள ருஷ்ய அருங்காட்சியகத்தில். போர் நடக்கிறது என்பதற்காக நீங்களும் கட்சி கட்டிவிட்டீர்களா? தவிர, போட்டோ மாதிரி வரைந்த கிராமத்துப் படத்துக்கு ஒரு முழுப் பக்கமா?
– வாசகர், தஞ்சாவூர்

ப: முதலில் பெயரைச் சரிசெய்துகொள்வோம். நிக்கலாய் என்பது ருஷ்ய வடிவம். உக்ரைனிய மொழியில் மிகோலா. 1862இல் கீவ் நகரை ஒட்டிய பிரியோர்க்காவில் பிறந்தார். அப்பா சர்ச்சுகளுக்குச் சாமி படம் எழுதுகிறவர். பீட்டர்ஸ்பர்க் கலைக்கழகத்தில் படித்தது உண்மைதான், இரண்டு வருஷம். உடம்பு ஒத்துக்கொள்ளாமல் ஊர் திரும்பிவிட்டார். 1912இல் கண்ணை மூடும் வரை வீடு, வேலை எல்லாம் கீவில்தான்.

குடிமகன் என்கிறீர்கள். அந்தப் பேரரசு அந்தக் குடிமகனின் மொழியை என்ன செய்தது தெரியுமா? 1863இல் அதன் உள்துறை அமைச்சர் வாலுயேவ், அப்படி ஒரு தனி மொழியே கிடையாது என்று சுற்றறிக்கை விட்டார். 1876இல் ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் ஜெர்மனியின் எம்ஸ் என்ற ஊரில் ஓய்வெடுத்துக்கொண்டே ஓர் ஆணையில் கையெழுத்துப் போட்டார். வெளிநாட்டிலிருந்து உக்ரைனியப் புத்தகம் கொண்டுவரக் கூடாது. நாடகம் போடக் கூடாது. பாட்டின் இசைக் குறிப்புக்கு அடியில் உக்ரைனிய வரிகளை அச்சடிக்கக் கூடாது. கதை, கவிதை என்றால் ருஷ்ய எழுத்து முறையில் எழுதித் தணிக்கைக்குப் போக வேண்டும். நாடகத் தடை சில வருஷங்களில் கொஞ்சம் தளர்ந்தது. அச்சுக்கு 1905 வரை விடிவில்லை.

நாங்கள் போட்ட படம் 1888இல் வரைந்தது. அதாவது அந்த ஆணையின் நட்டநடுவில். நடுப்பக்கத்தை எடுத்து இன்னொரு தடவை பாருங்கள். இரவு, குடிசைக்குள் மெழுகுவர்த்தி வெளிச்சம், இரண்டு பெண்கள். உருக்கிய மெழுகைக் குளிர்ந்த தண்ணீரில் ஊற்றுவார்கள். அது கன்னாபின்னாவென்று ஏதோ ஒரு வடிவத்தில் உறையும். அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் சுவரில் நிழல் விழும். நிழல் ஆள் மாதிரி இருக்கிறதா, குதிரை மாதிரியா, வரப்போகிற மாப்பிள்ளை எப்படி என்று அதை வைத்துக் குறி பார்ப்பார்கள். கிறிஸ்துமஸுக்கும் ஜனவரித் திருமுழுக்கு விழாவுக்கும் இடைப்பட்ட நாட்களில் கல்யாணமாகாத பெண்களின் விளையாட்டு இது. பாதி விளையாட்டு, பாதி பயம். அவர்கள் பார்ப்பது சுவரை. நாம் பார்ப்பது அவர்கள் முகத்தை. அந்தச் சூடான மஞ்சள் வெளிச்சத்துக்காகவே முழுப் பக்கம் கொடுத்தேன்.

போட்டோ மாதிரி என்கிறீர்களே, 1888இல் எந்த கேமரா மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இப்படி ஒரு நொடியை வண்ணத்தில் பிடித்திருக்கும்? இன்னொன்று. வெள்ளைத் துணியில் கறுப்புச் சதுரம் வரைந்து 1915இல் உலகத்தையே மிரட்டிய மலேவிச், இளைஞனாகக் கீவ் வந்து பிமோனென்கோவின் கூடத்தில் ‘ஹோபாக்’ என்ற நடன ஓவியத்தைக் கண்டு பிரமித்துப்போனதைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவருக்கு உறைத்தது உங்களுக்கு உறைக்காவிட்டால் நான் என்ன செய்ய!

எல்லாப் படத்தையும் தூக்கிப் பிடிக்க மாட்டேன். அவருடைய அறுவடைக்காரிகள் சிலரின் வெள்ளைச் சட்டை நேற்றுத்தான் சலவையிலிருந்து வந்தது மாதிரி இருக்கும். வயலில் குனிந்து நிமிர்ந்தவர் யாரும் அதை நம்ப மாட்டார்கள்.

போர் பற்றிக் கேட்டதற்கு நேராகவே சொல்கிறேன். ஆமாம், போர்தான் பலரையும் பெயர்ப்பலகையைத் திரும்பப் படிக்க வைத்தது. லண்டன் நேஷனல் கேலரியில் பிரெஞ்சு ஓவியர் டேகா வரைந்த ‘ருஷ்ய நடனப் பெண்கள்’ இருந்தது. தலையில் மஞ்சளும் நீலமுமாக, உக்ரைன் கொடியின் நிறத்தில், ரிப்பன் கட்டி ஆடும் பெண்கள். 2022இல் அதை ‘உக்ரைனிய நடனப் பெண்கள்’ என்று மாற்றினார்கள். நூறு வருஷத்துக்கு மேல் ரிப்பன் அங்கேயேதான் இருந்தது. நம் கதையும் உசத்தி இல்லை. மாஸ்கோவில் அச்சாகி மலிவு விலையில் வந்த தமிழ்ப் புத்தகங்களில் வளர்ந்தவன் நான். அந்தப் பக்கத்து ஆள் யாரானாலும் ‘ருஷ்யாக்காரர்’ என்றுதான் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிமோனென்கோ பெண் கேட்டு வருகிறவர்களையும் வரைந்திருக்கிறார். அந்த ஊர் வழக்கத்தில், பெண்ணுக்குச் சம்மதம் என்றால் வந்த பெரியவர்களுக்குப் பூவேலை செய்த துண்டைக் கட்டிவிடுவாள். இஷ்டமில்லை என்றால் வாயைத் திறக்க வேண்டியதில்லை. கையில் ஒரு பூசணிக்காயைக் கொடுத்துவிடுவாள். வந்தவர்கள் அதைச் சுமந்துகொண்டு தெரு வழியாகத் திரும்பிப் போக வேண்டியதுதான்.

இதே கேள்வியை அடுத்த மாதமும் அனுப்புவீர்களானால், உங்கள் முகவரிக்குக் கூரியரில் என்ன வரும் என்று இப்போதே யூகித்துக்கொள்ளுங்கள்.