அந்த மருத்துவ ரிப்போர்ட்டைப் பற்றி மகளிடம் பேசுங்கள்

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் சீனக் காதல் தொடர்களே கதி என்று இருக்கிறாள். ‘வெல் இன்டென்டட் லவ்’ என்ற தொடரை நானும் கூட உட்கார்ந்து பார்த்தேன். நாயகியைக் கல்யாணம் செய்துகொள்வதற்காக, அவளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று நாயகன் பொய்யாக நம்பவைக்கிறான். எனக்குப் பதறிவிட்டது. இவளோ, “அவனுக்கு அவ்வளவு லவ்வும்மா!” என்கிறாள். இந்தத் தொடர்களையே பார்க்கக் கூடாது என்று சொல்லிவிடலாமா?
– திருச்சி வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

தடை போடாதீர்கள். போட்டால் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு பார்ப்பாள். உங்களோடு பேசுவதுதான் நின்றுபோகும்.

உங்கள் பதற்றம் நியாயமானது. 2019இல் வந்த அந்தத் தொடரின் நாயகி சியா லின், கதைப்படி இப்போதுதான் முன்னுக்கு வந்துகொண்டிருக்கும் நடிகை. எலும்பு மஜ்ஜை கிடைக்காவிட்டால் செத்துவிடுவோம் என்று நம்புகிறாள். மஜ்ஜை பொருந்துகிறவன் பெரிய கம்பெனி முதலாளி. மஜ்ஜை வேண்டுமென்றால் என்னை மணந்துகொள் என்கிறான். உயிர்ப் பயத்தில் ஒரு பெண் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறாள். அதைச் சம்மதம் என்று நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். உண்மை தெரிந்து அவள் உடைந்துபோகிறாள். ஆனாலும் கதை அவளை அவனிடமே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அவன் செய்த மோசடி, காதலின் ஆழத்துக்குச் சாட்சியாகிவிடுகிறது. என் கோபம் அங்கேதான்.

சீனாவில் இந்த வகை நாயகனை ‘அடாவடி முதலாளி’ என்றே அழைப்பார்கள். கையைப் பிடித்து இழுப்பான், கேட்காமல் முத்தமிடுவான், அவளுக்காக எல்லாவற்றையும் அவனே முடிவு செய்வான். இப்படிப்பட்ட கதைகளில் பல, பெண்கள் பெண்களுக்காக இணையத்தில் எழுதிய நாவல்களிலிருந்து வந்தவை. அதனால் உங்கள் மகளை அசடு என்று நினைத்துவிடாதீர்கள். ஊரே அஞ்சும் ஒருவன் சாதாரணப் பெண் ஒருத்தியை மட்டும் கவனிக்கிறான் என்பதில் அந்த வயதுக்கு ஒரு மயக்கம் உண்டு. அந்த ஆசையில் தவறில்லை. அதற்கு அவள் கொடுக்கும் விலையைத்தான் தொடர்கள் மறைத்துவிடுகின்றன.

2014இல் வந்து பெரிதாக ஓடிய ‘பாஸ் அண்ட் மி’ தொடரையே பாருங்கள். நாயகி ஷான்ஷானுக்கு அந்தக் கம்பெனியில் வேலை கிடைத்ததே அவளுடைய அபூர்வ ரத்த வகையால்தான். முதலாளியின் தங்கைக்கு அதே வகை ரத்தம் தேவைப்படும். ரத்தம் கொடுத்தவளுக்கு ஈரல் வைத்த மதியச் சாப்பாடு வருகிறது. பிறகு அவனுடைய தட்டில் அவனுக்குப் பிடிக்காத காய்களைப் பொறுக்கி எடுப்பது அவள் வேலையாகிறது. பார்க்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் என்ன படித்தாள், அவளுக்கு எது நன்றாக வரும் என்பதைப் பற்றிக் கதைக்கு எவ்வளவு அக்கறை இருந்தது? ஷாங்காயின் நவீனப் பெண்களைக் காட்டிய ‘ஓட் டு ஜாய்’ தொடரின் இரண்டாம் பாகத்திலும் (2017) ஒரு காதலன், தன் காதலி கன்னி அல்ல என்று தெரிந்ததும் உறவை முறிக்கிறான். சீனாவிலேயே அது பெரிய விவாதமானது.

மகளிடம் இதையெல்லாம் பாடமாக ஒப்பிக்காதீர்கள். “பாரு, சீனாக்காரன் எப்படி எடுத்திருக்கான்” என்றும் ஆரம்பிக்காதீர்கள். பிடிக்கவில்லை என்று சொன்ன பெண்ணைத் துரத்தித் துரத்தி வழிக்குக் கொண்டுவரும் நாயகர்கள் நம் படங்களிலும் உண்டு, அவளுக்கும் தெரியும். அடுத்த முறை சேர்ந்து பார்க்கும்போது ஒன்றே ஒன்று கேளுங்கள்: “அந்த ரிப்போர்ட் பொய்யின்னு அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா கையெழுத்துப் போட்டிருப்பாளாடி?” கேட்டுவிட்டு மௌனமாக இருங்கள். அவளாக யோசிக்கட்டும்.

அவளுக்குப் பிடித்த உலகத்திலேயே நல்லதும் இருக்கிறது. ‘தி ரொமான்ஸ் ஆஃப் டைகர் அண்ட் ரோஸ்’ (2020) தொடரில் ஒரு நகரத்தைப் பெண்கள் ஆள்கிறார்கள். நல்ல கணவனாக அடங்கி நடக்க வேண்டிய கட்டாயம் ஆண்களுக்கு. சிரித்துக்கொண்டே பார்க்கலாம். பெரியவர்களுக்கான கதை வேண்டுமென்றால் நீங்கள் ‘நத்திங் பட் தர்ட்டி’ (2020) பாருங்கள். கணவனோடு சேர்ந்து தொழிலைக் கட்டி எழுப்பிய கூ ஜியா, அவன் துரோகம் தெரிந்ததும் விவாகரத்து வாங்குகிறாள்.

நீங்கள் உண்மையில் காது கொடுக்க வேண்டிய இடம் வேறு. “அவன் என் போன் பாஸ்வேர்டு கேட்டாம்மா, அக்கறையிலதான்” என்று என்றாவது ஒரு நிஜப் பையனைப் பற்றி அவள் சொல்லக்கூடும். அன்று திட்டாமல் முழுதும் கேளுங்கள். அது அக்கறை இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். அப்படி ஒரு விஷயத்தை உங்களிடம் கொண்டுவர அவளுக்குத் தயக்கம் இருக்கக் கூடாது என்பதற்காகவும்தான் இப்போது தடை வேண்டாம் என்கிறேன்.