தங்கையின் கையெழுத்தை யார் போடுவது?

கேள்வி: அக்கா, எனக்கு 38 வயது. கிருஷ்ணகிரி டவுனில் மரப்பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா ஆரம்பித்தது. நிலை, ஜன்னல், கட்டில், அலமாரி என்று எல்லா வேலையும் செய்கிறோம். இத்தனை வருடம் லைசென்ஸ் இல்லாமலே ஓட்டிவிட்டோம். இப்போது ஒரு பில்டர் தன் அப்பார்ட்மெண்டின் மரவேலை முழுவதையும் எனக்கே தருகிறேன் என்கிறார். ஆனால் தொழில் உரிமம் இருந்தால்தான் வேலை. பேங்க்கிலும் அதையே கேட்கிறார்கள். ஒரு ஏஜெண்ட் 25,000 ரூபாய் கொடுத்தால் ஒரே மாதத்தில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். இடம் இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. அவர் நான்கு வருடத்துக்கு முன்பு தவறிவிட்டார், உயில் எழுதவில்லை. வாரிசு என்றால் அம்மா, நான், தங்கை, மூன்று பேர்தான். பட்டறை நடத்துவதற்கான சம்மதக் கடிதத்தில் அம்மாவிடம் கைநாட்டு வாங்கிக் கொடுத்துவிட்டேன். தங்கை பாலக்கோட்டில் இருக்கிறாள். அவள் வீடு கட்டியபோது மரவேலையை வேறு ஆளிடம் கொடுத்தாள், அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. அவள் கையெழுத்தை ஏஜெண்டே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். 25,000 அதிகமா? இந்த ஏஜெண்டை நம்பலாமா, இல்லை நானே அலையவா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கிருஷ்ணகிரி)

பதில்: ஏஜெண்டை நம்பலாமா என்ற கேள்வி எனக்கு ஓயாமல் வருகிறது. பேக்கரி வைப்பவர் கேட்கிறார், லேத் பட்டறைக்காரர் கேட்கிறார், டிபன் கடை போடும் பெண் கேட்கிறார். அதற்குப் பதில் இருக்கிறது, பின்னால் வருகிறேன். முதலில் உங்கள் கடிதத்தின் கடைசியில் வரும் ஒரு வரியைப் பேச வேண்டும். தங்கையின் கையெழுத்தை ஏஜெண்டே பார்த்துக்கொள்வார் என்று எழுதியிருக்கிறீர்களே, எப்படிப் பார்த்துக்கொள்வார் தம்பி?

அவர் பஸ் ஏறி பாலக்கோட்டுக்குப் போய், உங்கள் தங்கை வீட்டில் உட்கார்ந்து, இன்ன விஷயத்துக்காக வந்தேன் என்று சொல்லி, அந்தப் பெண் படித்துப் பார்த்துச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, அதை வாங்கிக்கொண்டு வருவாரா? நகராட்சி ஆபீசுக்கு எதிரில் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடை பெஞ்சில் உட்கார்ந்து, அவரே எழுதிவிடுவார். இது உங்களுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே பணம் அதிகமா குறைச்சலா என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

இதற்குப் பெயர் கள்ளக் கையெழுத்து. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 336-ஆவது பிரிவில் பொய் ஆவணம் உருவாக்குவதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. ஏமாற்றும் நோக்கத்தோடு செய்திருந்தால் ஏழு ஆண்டு வரை போகும். பொய் என்று தெரிந்தே அந்தத் தாளைக் கொடுத்துக் காரியம் சாதித்துக்கொள்கிறவருக்கும் அதே தண்டனைதான். விண்ணப்பத்தில் இருக்கப்போவது உங்கள் பெயர், உங்கள் ஆதார், உங்கள் போட்டோ. ஏஜெண்டின் பெயர் அதில் ஒரு மூலையிலும் இருக்காது. நாளைக்கு உங்கள் தங்கையோ தங்கை வீட்டுக்காரரோ நகராட்சிக்கு ஒரு புகார் எழுதினால் உரிமம் போகும், அதைக் காட்டி வாங்கிய கடன் சிக்கலாகும், பில்டர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்.

ஆனால் உங்களை நான் ஜெயிலைக் காட்டிப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. மாட்டிக்கொள்ளாமலே போனாலும் இது செய்யக்கூடாத காரியம். கூடப் பிறந்தவளின் பெயரை ஒரு வெளியாள் எழுதிக்கொள்ள நீங்கள் சம்மதித்திருக்கிறீர்கள். அந்தப் பட்டறையின் மரத்தூளில் விளையாடி வளர்ந்தவள்தானே அவளும்? உங்கள் அப்பா இருந்திருந்தால் அந்த ஏஜெண்டை வாசல்படி ஏற விட்டிருப்பாரா?

இன்னொன்று. அம்மாவிடம் கைநாட்டு வாங்கிவிட்டேன் என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டுப் போகிறீர்கள். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அம்மாவுக்குப் படித்துக் காட்டினீர்களா? அதில் தங்கை பெயரும் வரும் என்று சொன்னீர்களா? எனக்கென்னவோ சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றுதான் படுகிறது. சொல்லியிருந்தால், மகளும் மகனும் பேசாமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த அம்மா, நீ போய் அவளைக் கூப்பிடு என்றுதான் முதலில் சொல்லியிருப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவரின் கட்டைவிரலை மையில் தொட்டு எடுப்பது சுலபம். அதனாலேயே அதில் இரண்டு மடங்கு கவனம் வேண்டும்.

அந்த இடம் யாருடையது என்பதையும் பேசிவிடலாம். அப்பா சம்பாதித்து வாங்கிய இடம், உயில் இல்லாமல் தவறிவிட்டார் என்றால், 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் உங்களுக்கும் தங்கைக்கும் சம பங்கு. மூன்று பேர், ஆளுக்கு மூன்றில் ஒன்று. பூர்வீகச் சொத்தாக இருந்தாலும் பெண்ணுக்குப் பங்கு உண்டு. 2005-ல் நாடு முழுவதற்கும் வந்த அந்த உரிமையைத் தமிழ்நாடு 1989-லேயே சட்டமாக்கிவிட்டது. கல்யாணத்துக்கு நகை போட்டோம், சீர் செய்தோம், அதோடு கணக்குத் தீர்ந்தது என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் மனதில் இருக்கும். சீர் செய்ததைச் சொல்லிப் பங்கைக் கழிக்கச் சட்டத்தில் இடம் கிடையாது. என்னைக் கேட்டால் நியாயத்திலும் இடம் கிடையாது. நான்கு வருடமாக அவளுடைய மூன்றில் ஒரு பங்கு நிலத்தில் உங்கள் மெஷின் ஓடுகிறது. ஒரு ரூபாய் வாடகை கேட்டிருக்கிறாளா?

சரி, அந்த மரவேலைக் கோபத்துக்கு வருவோம். அண்ணன் ஆசாரியாக இருக்கும்போது வேறு ஆள் வந்து நிலை வைத்தால் வலிக்கும்தான். நிலை வைக்கும் நாள் என்ன லேசான நாளா? நல்ல நேரம் பார்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, அடியில் நவதானியமும் காசும் போட்டு, வேலை செய்தவருக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுக்கும் நாள். அதில் உங்களுக்கு இடமில்லாமல் போனது உறுத்தத்தான் செய்யும். ஆனால் அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அண்ணனிடம் கூலி பேச முடியாது, பாக்கி வைக்க முடியாது, வேலை தாமதமானால் சத்தம் போட முடியாது என்று நினைத்திருக்கலாம். மாமியார் வீட்டில் சொன்ன ஆளைத் தட்ட முடியாமல் போயிருக்கலாம். வீடு கட்டும் விஷயத்தில் கட்டிக்கொடுத்த பெண்ணின் பேச்சு எவ்வளவு தூரம் எடுபடும் என்று உங்களுக்குத் தெரியாதா? அவள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நீங்கள் போனீர்களா என்பதையும் எழுதவில்லை. போயிருந்தால் எழுதியிருப்பீர்கள்.

ஆகவே முதல் வேலை பாலக்கோடு. காவேரிப்பட்டணம் வழியாகப் போனால் ஒரு மணி நேரம், கொஞ்சம் கூடக் குறைய. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். முதல் தடவையே பேப்பரை நீட்டாதீர்கள். இவ்வளவு நாள் கழித்து வந்த அண்ணன் சட்டைப்பையிலிருந்து பத்திரத்தை எடுத்தால் எந்தப் பெண்ணுக்கும் வயிறு கலங்கும். சாப்பிட்டுவிட்டு, பில்டர் வேலை வந்திருக்கிறது, இடத்துக்குச் சம்மதம் வேண்டும் என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

அவளுக்கு ஒரு பயம் வரும், அதை நீங்களே முந்திக்கொண்டு தீர்க்க வேண்டும். சம்மதக் கடிதம் வேறு, விடுதலைப் பத்திரம் வேறு. பட்டறை நடத்த ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தருவதால் அவள் பங்கில் ஒரு அடி குறையாது. பங்கை விட்டுக்கொடுப்பதென்றால் அது விடுதலைப் பத்திரம், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டியது. இந்த வித்தியாசம் தெரியாமலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு பங்கு போய்விட்டது என்று எனக்கு எழுதும் பெண்கள் இருக்கிறார்கள். கடிதத்தை அவளே படிக்கட்டும், அவள் வீட்டுக்காரரும் படிக்கட்டும், ஒரு ஜெராக்ஸ் அவளிடம் இருக்கட்டும். வெற்றுத்தாளையோ வெற்று முத்திரைத்தாளையோ நீட்டினீர்களென்றால் அவள் உங்களை வெளியே போகச் சொல்வதுதான் சரி. அதே பேச்சில் அவள் பங்குக்கு மாதம் இவ்வளவு வாடகை என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அவள் வேண்டாம் என்று சொல்லலாம். சொல்ல வேண்டியது உங்கள் கடமை.

மாட்டேன் என்று சொல்லிவிட்டால்? அதுவும் அவள் உரிமை. பட்டறையை வாடகை ஷெட்டுக்கு மாற்றி, அந்த ஓனரின் வாடகை ஒப்பந்தத்தை வைத்து உரிமம் வாங்குங்கள். செலவுதான், ஆனால் நேர் வழி.

இனி ஏஜெண்ட். தொழில் உரிமத்துக்கு நீங்கள் சேர்க்க வேண்டியவை பெரிதாக ஒன்றுமில்லை. அடையாளச் சான்று, இடத்தின் சொத்துவரி ரசீது, சம்மதக் கடிதமோ வாடகை ஒப்பந்தமோ, எத்தனை மெஷின், ஒவ்வொன்றும் எத்தனை ஹெச்.பி. என்ற விவரம். கட்டணம் எதுவானாலும் நகராட்சி பெயரில் ரசீது வரும். 25,000-த்தில் எவ்வளவுக்கு ரசீது வரும் என்று அந்த ஆளிடம் கேட்டுப்பாருங்கள், மீதி எங்கே போகிறது என்று புரிந்துவிடும்.

உதவிக்கு ஆள் வைப்பதைத் தப்பென்று சொல்லமாட்டேன். நாளெல்லாம் இழைப்புளி பிடிக்கிறவர் ஆபீஸ் ஆபீஸாக நிற்க முடியாது. ஆனால் காசைச் சரியான இடத்தில் கொடுங்கள். வாரிசு சான்றிதழ் எடுக்கவில்லையென்றால் இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள், தாசில்தார் அலுவலகத்திலிருந்து வரும். சம்மதக் கடிதத்தை ஒரு வக்கீலிடம் கொடுத்து எழுதி வாங்குங்கள். மெஷின் வீட்டு மின் இணைப்பில் ஓடுகிறதென்றால் அதை முதலில் மாற்றுங்கள், லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை வைத்தே. பேண்ட் சா போட்டு மரத்தடி அறுக்கும் எண்ணம் இருந்தால் அது வனத்துறை சமாச்சாரம், நகராட்சி உரிமம் அதற்குப் போதாது.

சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்கும் சேர்த்துத்தான் 25,000 என்று அவர் சொல்லியிருந்தால், 2020 ஜூலையில் தொடங்கிய நாளிலிருந்து அரசு இணையதளத்தில் அது இலவசம். அப்புறம், பேங்க் கடன் வேண்டும் என்கிறீர்கள். மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். 2025-ல் தமிழக அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் மரவேலையும் இருக்கிறது. 35 வயது ஆனவர்களுக்கு 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியம். உங்கள் வயதுக்குக் கதவு திறந்திருக்கிறது. அங்கே வழி சொல்ல யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

பில்டர் அவசரப்படுத்துவார். முறையாக வாங்கிக்கொண்டு வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லுங்கள். கை சுத்தமான ஆசாரிக்காகக் காத்திருக்கிற பில்டர்கள் இருக்கிறார்கள்.

ஏஜெண்டிடம் முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால் இன்றைக்கே போய்க் கேளுங்கள். பணம் வந்தாலும் வராவிட்டாலும், அம்மாவின் கைநாட்டு இருக்கும் தாளையும் உங்கள் ஆதார் நகலையும் வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.