அச்சு என்ற சொல்லும் 1578ஆம் ஆண்டும்

அன்புள்ள ஐயா,

நான் உயர்நிலைப் பள்ளியொன்றில் தமிழாசிரியராக இருக்கிறேன். எங்கள் ஆசிரியர் அறையில் தொங்கும் நாட்காட்டியின் தாளொன்றில், ‘அச்சு என்பது முதலில் வண்டிச் சக்கரங்களை இணைக்கும் தண்டையே குறித்தது, அச்சு இயந்திரத்தின் உருளையும் அதுபோலச் சுழல்வதால், 1578இல் முதல் தமிழ் நூல் அச்சானபோது அத்தொழிலுக்கும் அப்பெயர் வந்தது’ என்று போட்டிருந்தது. உடன் பணிபுரியும் நண்பர் இதை அப்படியே வகுப்பிலும் சொல்லிவிட்டார். எனக்கு ஐயமாக இருக்கிறது. ஒரு தமிழ்ச் சொல் முதன்முதலில் எந்த ஆண்டு அச்சில் வந்தது என்று சொல்ல முடியுமா? பழைய பொருள்தான் ஒரு சொல்லின் உண்மைப் பொருளா?

அன்புடன்,
ஒரு வாசகர், திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஐயம் சரியானது. வண்டியின் அச்சும் அச்சகத்தின் அச்சும் ஒரே சொல்லின் இரண்டு பொருள்கள் அல்ல. ஒலியும் எழுத்தும் ஒன்றாக அமைந்துவிட்ட இரண்டு சொற்கள். முன்னதை அகராதிக்காரர்கள் ‘அக்ஷ’ என்ற வடசொல்லோடு சேர்ப்பார்கள். பின்னது வார்ப்பைக் குறிக்கும் சொல். கன்னடத்திலும் மலையாளத்திலும் அதே பொருளில் வழங்குகிறது. அச்சுவெல்லத்திலும் அச்சு முறுக்கிலும் இருப்பது இந்த இரண்டாவது சொல்தான். தகப்பனை அப்படியே உரித்துவைத்திருக்கும் பிள்ளையை ‘அதே அச்சு’ என்று ஊரில் சொல்லும்போதும் அதைத்தான் சொல்கிறோம். உருக்கிய ஈயத்தை வார்ப்பில் ஊற்றி எழுத்து எடுக்கும் தொழில் வந்து சேர்ந்தபோது, வெல்லத்துக்கு உதவிய சொல் ஈயத்துக்கும் உதவியது. இதில் சுழற்சிக்கு வேலையே இல்லை. அக்காலத்து மரப்பொறி தாளைத் தட்டையாக அழுத்தியதே தவிர உருளவில்லை. உருளை பொருத்திய பொறியில் லண்டனில் நாளிதழ் அச்சானதே 1814இல்தான்.

இனி 1578. அவ்வாண்டு கொல்லத்தில் அண்டிறிக்கிப் பாதிரியார் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கம் கொண்ட சிறு நூல். 1554இலேயே லிஸ்பனில் ஒரு தமிழ் நூல் அச்சாகியிருந்தது என்றாலும், அது ரோமன் எழுத்தில் அமைந்தது. தமிழ் எழுத்தில் அச்சாகிக் கிடைப்பவற்றுள் முந்தியது இதுவே. இதன் முகப்பில் ‘தமிழிலே பிறித்தெழுதின’ என்ற தொடர் வருகிறது. போர்த்துக்கீசிய மூலத்தை மொழிபெயர்த்த செயலையே அப்படிக் குறித்திருக்கிறார்கள். இன்று உங்கள் மாணவர்களுக்குப் ‘பிரித்தெழுதுக’ என்றால் இரண்டு மதிப்பெண் கேள்வி. மொழிபெயர்ப்பு என்ற பொருள் அச்சொல்லிலிருந்து தடமின்றிக் கழன்றுவிட்டது. எனக்கு அதில் சிறிது வருத்தம் உண்டு. ஒரு மொழியின் முடிச்சை அவிழ்த்து இன்னொன்றில் எழுதுவதற்கு அது நல்ல சொல்.

தலைப்பிலுள்ள தம்பிரான் இதைவிடச் சுவையானது. சுந்தரரைத் தம்பிரான் தோழர் என்று சொல்வது சைவ மரபு. அங்கே தம்பிரான் சிவபெருமான். அதே சொல்லைக் கொல்லத்துப் பாதிரியார் கிறித்தவர்களின் கடவுளுக்கு இட்டார். இன்று அச்சொல்லைக் கேட்டால் திருவாவடுதுறை, தருமபுரம் போன்ற ஆதீனங்களின் துறவிகள்தாம் நம் நினைவுக்கு வருகிறார்கள். கிறித்தவர்களோ அதைக் கைவிட்டுச் சருவேசுரன், பராபரன், தேவன் எனப் பல சொற்களைக் கடந்து, 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் கடவுள் என்ற சொல்லுக்கு வந்து சேர்ந்தார்கள். ஆகவே தமிழ் எழுத்தில் முதலில் அச்சேறிய சொற்களுள் ஒன்று, அச்சேறிய பொருளில் இன்று வழங்கவில்லை. அச்சுக்கு முந்திய பொருளின் பக்கமாகவே திரும்பிச் சென்றிருக்கிறது. பொருள் மாற்றம் ஒரே திசையில் ஓடும் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு சொல்லைக் காட்டினால் போதும்.

முதலில் அச்சேறிய ஆண்டைச் சொல்ல முடியுமா என்றால், பல சொற்களுக்கு முடியும். ஆனால் அந்த ஆண்டு தாளின் வயதைச் சொல்லுமே அன்றிச் சொல்லின் வயதைச் சொல்லாது. அந்தாம் தெ புரோயென்சா தொகுத்த தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி 1679இல் கேரளத்தின் அம்பலக்காட்டில் அச்சானது. அவர் இறந்ததோ 1666இல். எனவே அதில் அவர் எழுதிவைத்த ஒவ்வொரு சொல்லும் அச்சான ஆண்டுக்குக் குறைந்தது பதின்மூன்று ஆண்டுகளாவது மூத்தது. அந்த அகராதியின் படியொன்று வத்திக்கானில் கிடைத்து, தனிநாயகம் அடிகளின் முயற்சியால் 1966இல் மலேசியாவில் மறுபதிப்பாக வரும் வரை, அதிலுள்ள பேச்சுவழக்குச் சொற்கள் பல பிற்காலத்தவை என்று நம்பப்பட்டிருக்கக்கூடும்.

ஓலையில் வாழ்ந்த இலக்கியத்துக்கு இந்தக் கணக்கு இன்னும் பொருந்தாது. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியை உப்பு வணிகரின் வண்டியில் கீழ்மரத்தில் கட்டிவைத்த ‘சேம அச்சு’க்கு ஒப்பிடுகிறார். பாரம் மிகுதி, வழி மேடுபள்ளம், நடுவழியில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று எண்ணி எடுத்துச் செல்லும் மாற்று அச்சு அது. புறநானூறு அச்சானது உ.வே.சா. பதிப்பில், 1894இல். அச்சுத் தேதியை மட்டும் நம்பினால் சங்க காலத்துச் சேம அச்சு பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சொல்லாகிவிடும். (அதே வேலையை இன்று செய்யும் ஸ்டெப்னி, வேல்ஸில் மாற்றுச் சக்கரம் செய்த நிறுவனமொன்றின் பெயர், அந்நிறுவனமோ தான் இருந்த தெருவின் பெயரை வைத்துக்கொண்டது. ஆங்கிலேயர் ஏறக்குறைய மறந்துவிட்ட அச்சொல்லை நம் லாரி ஓட்டுநர்கள் காப்பாற்றி வருகிறார்கள்.)

ஆங்கிலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி மேற்கோளுக்கு மேற்கோள் ஆண்டு தருகிறது. அச்சு நூல்களோடு கையெழுத்துப் படிகளையும் கணக்கில் கொள்கிறது. இன்னும் பழைய சான்று கிடைத்தால் ஆண்டைத் திருத்தவும் செய்கிறது. நமது தமிழ்ப் பேரகராதி பொருளுக்குச் சான்றாக நூற்பெயரைத் தருகிறதே தவிர ஆண்டைத் தருவதில்லை. நூல்களின் காலத்தைப் பற்றியே அறிஞர்களிடம் கருத்து வேறுபாடு இருக்கும்போது அதைக் குறையென்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. கல்வெட்டுச் சொற்களுக்கு மட்டும் நிலைமை சற்று மேல். மன்னரின் ஆட்சியாண்டு பெரும்பாலும் கல்லிலேயே இருக்கும்.

உண்மைப் பொருள் பற்றிய கேள்விக்கும் அச்சே விடை சொல்லும். கணினியில் தட்டிய பிழையையும் இன்று அச்சுப்பிழை என்கிறோம். அங்கே ஈயமும் இல்லை, வார்ப்பும் இல்லை. அதைத் தவறான வழக்கு என்று எந்த ஆசிரியரும் சிவப்பு மையால் சுழிக்கமாட்டார். உங்கள் நண்பரிடம் நாட்காட்டித் தாளைத் தூக்கி எறியச் சொல்ல வேண்டாம். அதிலிருக்கும் ஆண்டு சரியானதுதான்.