‘புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள்: கற்பித்தல் பயிற்சி கேள்வி பதில்

கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிகளுக்குக் கிளம்பும் பருவம் இது. கல்வியியல் கல்லூரியில் தமிழ் கற்பித்தல் முறை நடத்துகிறேன். பாடக்குறிப்பு பற்றியும் வகுப்பு நடத்துவது பற்றியும் கேளுங்கள். தகுதித் தேர்வு, கலந்தாய்வு, ஊதியம் பற்றிக் கேட்டால் என்னிடம் பதில் கிடைக்காது.

முதலாண்டு மாணவர், சேலம்: ‘மாணவர்கள் குற்றியலுகரத்தைப் புரிந்துகொள்வர்’ என்று நோக்கம் எழுதினேன். விரிவுரையாளர் சிவப்பு மையால் அடித்துவிட்டார். என்ன தவறு அம்மா?

நானும் அடித்திருப்பேன். புரிந்துகொண்டார்கள் என்பதை எதை வைத்துச் சொல்வீர்கள்? ‘கொடுத்த பத்துச் சொற்களில் குற்றியலுகரச் சொற்களைப் பிரித்தெழுதி, காரணம் கூறுவர்’ என்று எழுதுங்கள். அதைக் கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்கலாம். கற்றல் நோக்கங்களைப் படிநிலைகளாகப் பிரித்த புளூமின் 1956ஆம் ஆண்டு வகைப்பாட்டை 2001இல் திருத்தியபோதும் ‘புரிந்துகொள்ளுதல்’ இருக்கிறதே என்று வாதாட வராதீர்கள். அது படிநிலையின் பெயர். நோக்கத்தில் எழுத வேண்டியது அந்தப் படிநிலைக்குள் பிள்ளை செய்து காட்டும் செயல்.

கோவையிலிருந்து ஒருவர்: எட்டாம் வகுப்புத் தமிழுக்கு எழுதிய பாடக்குறிப்புகள் மொத்தமாகக் கிடைக்குமா?

கிடைக்காது.

பயிற்சி மாணவி, தஞ்சாவூர்: ஏழாம் வகுப்பில் குற்றியலுகரம் எடுக்க வேண்டும். விதிவருமுறை, அதாவது எடுத்துக்காட்டுகளிலிருந்து விதிக்கு வருவது, என்று குறிப்பில் எழுதிவிட்டேன். ஆனால் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

தலைப்பை எழுதாதீர்கள். கரும்பலகையில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் நடு, பசு, படு. வலப்பக்கம் நாடு, பேசு, பாடு. உரக்கச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டாம் முறை, பக்கத்தில் இருப்பவரின் உதட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லட்டும். ‘கடைசி எழுத்தை ஒலிக்கும்போது என்ன வேறுபாடு?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பயிற்சி மாணவர்களுக்கு மிகக் கடினமான வேலை இதுதான். மூன்று நொடி அமைதியைத் தாங்காமல் தாங்களே விடையைச் சொல்லிவிடுகிறார்கள்.

உதடு குவிகிறது, குவியவில்லை என்று யாராவது சொல்வார்கள். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று, ‘வலப்பக்கம் எல்லாம் நெடிலில் தொடங்குகிறது, அதுதான் காரணம்’ என்று சொல்லும். பாதி சரி, பாதி தவறு. இந்த விடை வரும் என்று முதல் நாளே தெரிந்திருந்தால்தான் அடுத்த சொற்கள் கைவசம் இருக்கும்: அரசு, பந்து, பாட்டு. அரசிலும் பந்திலும் நெடில் எங்கே? அப்போது வகுப்பு யோசிக்கும். தனிக்குறிலை அடுத்து வந்தால் முழுதாக ஒலிக்கிறது, மற்ற இடங்களில் குறைகிறது என்ற இடத்துக்கு அவர்களே வருவார்கள். வந்ததும் ‘கதவு’ என்று எழுதுங்கள். தனிக்குறிலை அடுத்தது அல்ல, ஆனாலும் உதடு குவிகிறது. ஏன்? ஈற்றெழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கு, சு, டு, து, பு, று என்ற வல்லின வரிசை அங்கேதான் வெளிப்படும். ஒரு மாத்திரை அரை மாத்திரையாகக் குறைவதை அதன்பின் நீங்கள் சொல்லலாம், அதைப் பிள்ளைகள் கண்டுபிடிக்க முடியாது. ஆறு வகைகளை மறுநாளைக்கு வையுங்கள்.

குறிப்பேட்டில் எழுத வேண்டியது இதைத்தான்: நான் கேட்கப்போகும் கேள்வி, வரக்கூடிய விடைகள் (தவறானவை உட்பட), ஒவ்வொன்றுக்கும் என் அடுத்த அடி. ஆயத்தம், விளக்கம், தொகுப்பு என்று கட்டம் கட்டிவிட்டு, உள்ளே ‘ஆசிரியர் விளக்குகிறார்’ என்று ஒரு வரி எழுதுவதற்குப் பெயர் பாடக்குறிப்பு இல்லை.

இன்னொன்று. ‘புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள். நாற்பது குரல்கள் ‘புரிந்தது’ என்று பாடும். உங்களுக்கு எதுவும் தெரியவராது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மதுரை: அம்மா, கேட்க நன்றாக இருக்கிறது. பாடவேளை 45 நிமிடம். வருகைப் பதிவு, வீட்டுப்பாடம் போக 35 நிமிடம் மிஞ்சும். விதியைச் சொல், எடுத்துக்காட்டுக் கொடு, பயிற்சி செய்யச் சொல். நாங்கள் அப்படித்தான் படித்தோம், மறக்கவில்லை.

ஐயா, நீங்கள் மறக்கவில்லை. உங்களுடன் படித்தவர்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? விதியை முதலில் சொல்லும் விதிவிளக்கு முறை கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆறு வகைகளை நானே அப்படித்தான் நடத்துவேன், அங்கே கண்டுபிடிக்க ஒன்றுமில்லை, பெயர் சூட்டல்தான். ஆனால் குற்றியலுகரம் காதுக்கும் உதட்டுக்கும் எட்டுகிற செய்தி. எட்டுவதை எதற்காக மனப்பாடமாக்க வேண்டும்?

அவரே மீண்டும்: பயிற்சி மாணவர்கள் இருபது நிமிடம் கேள்வி கேட்டுவிட்டு வரையறைக்கே வராமல் மணி அடித்துப் போய்விடுகிறார்கள். பிறகு நிரந்தர ஆசிரியர் முதலிலிருந்து நடத்த வேண்டும். பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

இதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது முறையின் குற்றம் இல்லை, சொற்களைத் தேர்ந்தெடுக்காமல் வகுப்புக்குப் போன குற்றம். மேலே நான் கொடுத்தவை பத்துச் சொற்கள், ஒவ்வொன்றும் ஒரு வேலை செய்கிறது. ‘உங்களுக்குத் தெரிந்த உகரச் சொற்களைச் சொல்லுங்கள்’ என்று வகுப்பைத் திறந்துவிட்டால் மணி அடிக்கும்வரை பட்டியல்தான் வளரும்.

இரண்டாமாண்டு மாணவர், திண்டுக்கல்: தலைமையாசிரியர் பக்கம்தான் நான். புணர்த்திப் பார்த்தால் தெரியும் என்று சொல்லிக்கொடுத்தேன். நாடு+இல்லை நாடில்லை, உகரம் போகிறது. பசு+இல்லை பசுவில்லை, உகரம் நிற்கிறது. ஒரு சிறுமி எழுந்து, ‘கதவில்லை என்கிறோமே, அப்போது கதவு குற்றியலுகரமா?’ என்றாள். வகுப்பே சிரித்தது. விதியை மட்டும் சொல்லியிருந்தால் இந்த வம்பு வந்திருக்குமா?

தம்பி, அந்தச் சிறுமிக்குக் கை கொடுத்திருக்க வேண்டும். முழுதாக ஒலிக்கும் முற்றியலுகரமும் சில இடங்களில் அப்படிக் கெடும் என்று நன்னூலே ‘முற்றும் அற்று ஒரோவழி’ எனச் சொல்லியிருக்கிறது. ஆகவே புணர்ச்சி, குற்றியலுகரத்தை அடையாளம் காட்டும் சோதனை ஆகாது. அது குற்றியலுகரம் நடத்தியபின் வர வேண்டிய பாடம். உங்கள் வகுப்பில் தடுமாறியது விதிவருமுறை இல்லை. விதியை நீங்கள் முதலில் சொல்லி, எடுத்துக்காட்டை அதற்கு ஏற்றாற்போல் பொறுக்கினீர்கள். அந்தப் பெண் பொறுக்காத சொல் ஒன்றைக் கொண்டுவந்தாள். அப்படியானால் தலைமையாசிரியர் ஐயா சொன்ன முறையைத்தானே நடத்தியிருக்கிறீர்கள்?

தலைமையாசிரியர்: அந்த நூற்பாவை மாணவர் முதலில் மனப்பாடம் செய்திருந்தால் திகைத்திருக்க மாட்டார். என் கட்சி அதுதான்.

ஆசிரியருக்கு நூற்பா மனப்பாடமாக இருக்க வேண்டும். இதில் நீங்களும் நானும் ஒரே கட்சி ஐயா. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கா என்பதுதான் சண்டை. அதை இங்கே முடிக்க முடியாது, மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

திருநெல்வேலியிலிருந்து: ஒன்பதாம் வகுப்புக்கு மாதிரிப் பாடக்குறிப்பு இருந்தால் அனுப்புங்கள்.

கோவைக்காரருக்குச் சொன்னதுதான்.

பயிற்சி மாணவி, வேலூர்: நுண்ணிலைக் கற்பித்தலில் நன்றாகச் செய்கிறேன். உண்மை வகுப்பில் உளறுகிறேன். அந்தப் பயிற்சியால் என்ன பயன்?

1963இல் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய முறை அது. ஒரே ஒரு திறனைத் தனியே எடுத்துப் பழகுவதற்கு. நம் ஊரில் வழக்கமான சுற்று 36 நிமிடம்: நடத்த 6, கருத்துக் கேட்க 6, திருத்தி எழுத 12, மறுபடி நடத்த 6, மறுபடி கருத்து 6. நடுவில் உள்ள 12 நிமிடத்தைத்தான் எல்லோரும் விழுங்கிவிடுகிறார்கள். எதிரே மாணவராக உட்காரும் உங்கள் தோழிகளும் கேள்வி முடிவதற்குள் சரியான விடையைச் சொல்லி உங்களைக் காப்பாற்றுகிறார்கள். ஒருத்தியிடம் வேண்டுமென்றே தவறாகச் சொல்லச் சொல்லுங்கள். விடையை மேலும் தோண்டும் கிளர்வினா கேட்கப் பழக வேறு வழி இல்லை.

பெயர் வேண்டாம் என்றவர்: வழிகாட்டி ஆசிரியர் வகுப்பை ஒப்படைத்துவிட்டு ஓய்வறைக்குப் போய்விடுகிறார். விடைத்தாள் திருத்துவது, பதிவேடு எழுதுவது எல்லாம் எங்கள் தலையில்.

பல பள்ளிகளில் நடப்பதுதான். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் (என்.சி.டி.இ.) 2014 விதிமுறைகள் ஈராண்டு பி.எட். படிப்பில் 20 வாரம் பள்ளி அனுபவத்துக்கு ஒதுக்கியது, பள்ளிக்கு எழுத்தர் கிடைக்கட்டும் என்று அல்ல. வழிகாட்டி ஆசிரியரிடம், ‘முதல் பத்து நிமிடம் மட்டும் பாருங்கள், நான் கேட்கும் கேள்விகளை எழுதித் தாருங்கள்’ என்று கேளுங்கள். முழுப் பாடவேளையும் உட்கார மறுப்பவர் பத்து நிமிடத்துக்கு ஒப்புக்கொள்வார். அதற்கும் மறுத்தால் உங்கள் கல்லூரி மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். விடைத்தாள் திருத்த மட்டும் தயங்காதீர்கள். பிள்ளைகள் எங்கே தவறுவார்கள் என்பது அங்கேதான் தெரியும்.

நாமக்கல்லிலிருந்து: தெர்மாகோல், வண்ணத்தாள் வைத்துப் பெரிய துணைக்கருவி செய்தால் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் கூடுமா?

கூடலாம். அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. குற்றியலுகரத்துக்குத் துணைக்கருவி உதடு. கடைசி வரிசையிலிருந்து படிக்க முடியாத எதையும் மாட்டாதீர்கள்.

தகுதித் தேர்வு எப்போது?

முதல் பத்தியைப் படியுங்கள்.

விழுப்புரத்திலிருந்து: எழுதிய குறிப்பெல்லாம் 25 நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது. மீதி நேரம் என்ன செய்வது? ‘புரிந்ததா?’ என்று கேட்டேன்...

கேட்டீர்களா! சரி. நடத்திய கருத்துக்கு ஐந்து சொற்கள் கொடுங்கள், நான்கு பொருந்த வேண்டும், ஒன்று பொருந்தக் கூடாது. எது என்று ஒவ்வொருவரும் தம் குறிப்பேட்டில் எழுதி, ஏன் என்று ஒரு வரி சேர்க்கட்டும். வரிசைகளுக்கு நடுவே நடந்து படியுங்கள். மறுநாள் பாடக்குறிப்பின் முதல் கேள்வி அந்த நடையிலேயே கிடைத்துவிடும்.